கரும்பலகையைப் பார்த்தால் முதலாளி தெரியும்

அனிமே, அதாவது ஜப்பானிய கார்ட்டூன் தொடர், பார்க்கிறவர்கள் கூடுகிற எந்தக் குழுவிலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே சண்டை வரும். சந்தா கட்டி அனிமே பார்க்கிற இணையதளமான கிரஞ்சிரோலில் யாரோ பெரிய ஆள் பணம் போட்டிருக்கிறார், இல்லாவிட்டால் மொத்தமாக வாங்கிவிட்டார் என்று செய்தி வரும். அன்று சாயங்காலத்துக்குள் "இனி இது உருப்படாது", "சந்தாவை நிறுத்திட்டேன்", "பழையபடி டோரண்டுக்கே போறேன்" என்று ஆளாளுக்கு ஆரம்பித்துவிடுவார்கள். 2008-இல் இருந்து இந்தச் சண்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கோபப்படுகிறவர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை, அவர்கள் பயந்ததில் பாதி நடந்தும் இருக்கிறது. ஆனால் அவர்கள் பார்க்கிற இடமும் நான் பார்க்கிற இடமும் வேறு.

சிவகாசியில் டி.டி.பி. வேலை பார்க்கிறவன் நான். காலண்டர், மத்தாப்புப் பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை, எல்லாம் உண்டு. ஒரு படத்தின் மேல் எழுத்து எங்கே உட்கார வேண்டும், எந்தக் கனத்தில், எந்த நிறத்தில் என்பதுதான் என் பிழைப்பு. அனிமேவுக்குள் என்னை இழுத்ததும் எழுத்துதான்.

2007, 2008 வாக்கில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்டில் ஒரு பிளான் இருந்தது. இரவு இரண்டு மணி முதல் காலை எட்டு மணி வரை எவ்வளவு டவுன்லோடு செய்தாலும் கணக்கில் வராது. அந்த நேரத்தில் இறக்கிய எபிசோடுகள், ஒவ்வொன்றும் 170 எம்.பி. சொச்சம். எல்லாம் ரசிகர்களே சப்டைட்டில் போட்டவை, ஃபேன்சப் என்பார்கள். ஜப்பானில் ஒருவர் டிவியில் வந்ததைப் பதிவு செய்து அனுப்புவார். இன்னொருவர் மொழிபெயர்ப்பார். ஒருவர் ஒவ்வொரு வரியும் எந்த நொடியில் வர வேண்டும் என்று பொருத்துவார். கடைசியில் டைப்செட்டர் என்று ஒருவர் வருவார், என் ஜாதிக்காரர். கதையில் ஒரு டீக்கடைப் பலகை சாய்வாக வந்தால், அதன் ஆங்கிலமும் அதே சாய்வில், அதே மங்கிய சிவப்பில், பலகையின் ஓரத்தில் விழுகிற நிழலோடு வரும். கேமரா நகர்ந்தால் எழுத்தும் கூடவே நகரும். ஏஜிசப் என்ற இலவச மென்பொருளில், சம்பளம் இல்லாமல், ராத்திரி முழித்துச் செய்த வேலை. காசு வாங்கிக்கொண்டு செய்கிற நான் ஒரு லேபிளுக்கு அவ்வளவு நேரம் கொடுத்ததில்லை.

அவர்களுக்கு ஒரு தர்மமும் இருந்தது. விற்கக்கூடாது, வாடகைக்கு விடக்கூடாது என்று கோப்பின் ஆரம்பத்திலேயே போட்டிருப்பார்கள். அமெரிக்காவில் யாராவது முறையாக உரிமை வாங்கிவிட்டால் பல குழுக்கள் அந்தத் தொடரை விட்டுவிடும். சட்டப்படி அதுவரை செய்ததும் மீறல்தான், அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் தாங்கள் போட்ட கோட்டைத் தாங்கள் தாண்டுவதில்லை என்ற பிடிவாதம் இருந்தது.

கிரஞ்சிரோல் முளைத்தது இந்தப் பின்னணியில்தான். 2006-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்த சில இளைஞர்கள் ஆரம்பித்த தளம். யார் வேண்டுமானாலும் வீடியோ ஏற்றலாம், ஏற்றப்பட்டதில் பெரும்பகுதி மேலே சொன்ன ஆட்களின் உழைப்பு. நன்கொடை கொடுத்தால் நல்ல தரத்தில் பார்க்கலாம் என்று வேறு வைத்திருந்தார்கள். அப்புறம் 2008-இல் செய்தி வந்தது: வென்ராக் என்ற முதலீட்டு நிறுவனம் சுமார் 40.5 லட்சம் டாலர் போட்டிருக்கிறது. வென்ராக் என்றால் ராக்ஃபெல்லர் குடும்பத்துப் பணத்தில் தொடங்கிய நிறுவனம்.

பெரிய நிறுவனம் உள்ளே வந்தால் நம் சின்ன இடம் கெட்டுவிடும் என்ற புலம்பல் பிற்காலத்தது. 2008-இல் கோபத்தின் திசையே வேறு. விற்காதே என்று எழுதிவைத்த கோப்பைக் காட்டி இவன் முதலீடு திரட்டுகிறானே என்று ஃபேன்சப் ஆட்கள் கொதித்தார்கள். உரிமை வாங்கி டிவிடி போடுகிற ஃபூனிமேஷனும் பண்டாய் என்டர்டெயின்மென்டும் வெளிப்படையாகவே கண்டித்தன. திருட்டு வீடியோ போடுகிறவர்களும், அதனால் நஷ்டப்படுகிற கம்பெனிகளும் ஒரே ஆளைத் திட்டிய அதிசயம் அப்போது நடந்தது. சும்மா பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. வீடியோ சீக்கிரம் லோடு ஆகுமா என்பது மட்டும்தான் அவர்கள் கேள்வி.

அந்தப் பணம்தான் கிரஞ்சிரோலைத் திருத்தியது என்று நினைக்கிறேன். முதலீட்டாளருக்கு வழக்கு பிடிக்காது. 2009 ஜனவரியில் டிவி டோக்கியோவுடன் ஒப்பந்தம் போட்டு 'நருட்டோ ஷிப்புடென்' தொடரை முறையாகக் காட்டத் தொடங்கினார்கள். ஜப்பானில் ஒளிபரப்பாகி ஒரு மணி நேரத்தில் சந்தாதாரர்களுக்கு, ஒரு வாரம் கழித்து இலவசமாக எல்லோருக்கும். உரிமை இல்லாத வீடியோக்களை எல்லாம் கழற்றினார்கள். அதுவரை நருட்டோவுக்கு சப்டைட்டில் போட்டுவந்த தத்தேபயோ குழு, இனி எங்களுக்கு வேலை இல்லை என்று அந்தத் தொடரை நிறுத்திக்கொண்டது. பழைய தொகுப்பு போய்விட்டதே, விற்றுவிட்டார்களே என்று ஒரு கூட்டம் அழுதது. எனக்கு அப்போது உறுத்தியது வேறு. வசனம் சரியான நேரத்துக்கு வந்தது, ஆனால் டீக்கடைப் பலகைக்கு எழுத்து ஒட்டுவதெல்லாம் வெகுவாகக் குறைந்துவிட்டது. வேகத்துக்குக் கொடுத்த விலை. சரி, மொழிபெயர்ப்பவருக்குச் சம்பளம் கிடைக்கிறதே என்று ஏற்றுக்கொள்ள முடிந்தது. பலகையும் பின்னால் மெல்லத் தேறியது.

2013 டிசம்பரில் பீட்டர் செர்னினின் குழுமம் பெரும்பங்கை வாங்கியது. ஃபாக்ஸ் ஸ்டுடியோவைக் கட்டியாண்டவர் அவர். விலை 10 கோடி டாலருக்குப் பக்கம் என்று பத்திரிகைகள் எழுதின. ஹாலிவுட்காரன் வந்துவிட்டான், இனி அனிமே இருக்காது என்றார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ஒரு சீசனில், அதாவது மூன்று மாதத்தில், வரும் புதுத் தொடர்களில் பெரும்பாலானவை அங்கேயே கிடைக்கிற நிலைமை வந்தது. 2017 பிப்ரவரியில் சந்தாதாரர்கள் 10 லட்சத்தைத் தொட்டார்கள். அதே ஆண்டில் வீடியோவின் பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு எவ்வளவு தகவல் அனுப்புவது என்ற அளவை, சத்தமில்லாமல் குறைத்திருக்கிறார்கள் என்று ஒரு ரசிகர் பழைய கோப்பையும் புதுக் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து காட்டினார். எனக்குப் பிடித்த ரசிகர் கோபம் அதுதான். முதலாளி யார் என்ற பேச்சே அதில் கிடையாது, கொடுத்த காசுக்குப் படம் மங்கலாக இருக்கிறது, இதோ ஆதாரம், அவ்வளவே.

2018-இல் அமெரிக்க டெலிபோன் கம்பெனியான ஏடி அண்ட் டி முழுதாக எடுத்துக்கொண்டபோது பயந்ததற்கு நியாயம் இருந்தது. அதே ஆண்டு அதே கூரையின் கீழ் இருந்த இரண்டு சின்ன சேவைகளை மூடினார்கள்: கொரியத் தொடர்களுக்கான டிராமாஃபீவர், பழைய உலக சினிமாவுக்கான ஃபில்ம்ஸ்டரக். இரண்டுக்கும் உயிரைக் கொடுக்கிற ரசிகர்கள் இருந்தார்கள். கூட்டிக்கழித்துப் பார்க்கிற டெலிபோன் கம்பெனிக்கு அந்த எண்ணிக்கை போதவில்லை.

பெரிய இடி 2020 டிசம்பரில். 117.5 கோடி டாலருக்கு சோனி வாங்குகிறது என்ற அறிவிப்பு. சோனியின் கையில் ஃபூனிமேஷன் ஏற்கெனவே இருந்தது. அதாவது வடஅமெரிக்காவின் இரண்டு பெரிய அனிமே கடைகளுக்கும் ஒரே முதலாளி. அமெரிக்க நீதித்துறை நீண்ட காலம் ஆராய்ந்தது, 2021 ஆகஸ்டில் கைமாறியது. அந்த எட்டு மாதமும் ரசிகர்கள் போட்ட சத்தம் கொஞ்சநஞ்சமில்லை. சந்தா ஏறும், இலவசம் போகும், போட்டி சாகும் என்றார்கள். கைமாறிய அன்றைக்கு ஒன்றுமே நடக்கவில்லை. ஆப்பைத் திறந்தால் அதே ஆரஞ்சு நிறம்.

இதை நான் எதிர்பார்த்தேன். காரணம், முன்பு நான் வேலை பார்த்த அச்சகம் ஒன்று கைமாறியது. புது முதலாளி வந்த அன்று எல்லோருக்கும் ஸ்வீட் பாக்ஸ். மிஷின் மாறவில்லை, போர்டு மாறவில்லை. ஆறேழு மாதம் போனபிறகு புரூஃப் பார்க்கிற அண்ணாச்சியை, "கம்ப்யூட்டரே பாத்துக்கும்" என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு அடுத்த தை மாதக் காலண்டரில் ஒரே வாரத்தில் ஏகாதசி இரண்டு தடவை வந்தது.

கிரஞ்சிரோலிலும் இப்படி மெதுவாகத்தான் வந்தது. 2022 வசந்த சீசனிலிருந்து புதுத் தொடர்களை இலவசமாகப் பார்ப்பது கிட்டத்தட்ட முடிந்தது. அந்த ஆகஸ்டில் ரைட் ஸ்டஃப் என்ற 1987-லிருந்து நடந்துவந்த டிவிடி, மாங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) விற்கிற கடையை வாங்கி, அடுத்த ஆண்டு அக்டோபரில் அதன் பெயரையே இல்லாமல் செய்தார்கள். 2024 ஏப்ரலில் ஃபூனிமேஷன் ஆப் மூடப்பட்டது. டிஸ்க் வாங்கினவர்கள், உள்ளே இருந்த குறியீட்டைப் போட்டு அங்கே சேர்த்துவைத்த டிஜிட்டல் பிரதிகளும் அதோடு போயின. எப்போதும் இருக்கும் என்று சொல்லி விற்ற சமாச்சாரம் அது. 2024 ஜூலையில் எபிசோடுகளின் கீழே இருந்த கமென்ட் பகுதியை, பத்துப் பதினைந்து வருஷப் பழைய பதிவுகளோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள். சில சிலேடைகளுக்கு விளக்கம் அங்கேதான் கிடைக்கும். ஜப்பானியம் தெரிந்த யாரோ ஒரு புண்ணியவான் எழுதிவைத்திருப்பார்.

இதில் எதுவும் முதலீட்டு அறிவிப்பு அளவுக்குச் சத்தம் எழுப்பவில்லை. நூறு கோடி டாலர் என்றால் எல்லோருக்கும் கோபம் வருகிறது. கமென்ட் பெட்டி போனால் இரண்டு நாள் திட்டிவிட்டு விட்டுவிடுகிறோம்.

2025 ஜூலையில் ஒரு புதுத் தொடரின் ஜெர்மன் சப்டைட்டிலில், வசனத்துக்கு நடுவில் "சாட்ஜிபிடி சொன்னது" என்ற அர்த்தத்தில் ஒரு வரி அப்படியே திரையில் வந்தது. யாரோ எந்திரத்தில் போட்டு எடுத்ததைப் படித்துக்கூடப் பார்க்காமல் ஒட்டியிருக்கிறார்கள். படைப்பு வேலையில் ஏ.ஐ. கொண்டுவரும் எண்ணம் இல்லை என்று கம்பெனித் தலைவர் ராகுல் பூரினி பேட்டி கொடுத்து சில மாதம்தான் ஆகியிருந்தது. வெளியாள் ஒருவர் ஒப்பந்தத்தை மீறிவிட்டார் என்று விளக்கம் வந்தது. அக்டோபர் சீசனில் அதைவிட மோசம். சில தொடர்களுக்கு சப்டைட்டிலே தாமதம். வந்ததிலும் பலகை, கடிதம், போன் திரை எதற்கும் மொழிபெயர்ப்பு கிடையாது, அல்லது எல்லாம் ஒரே குவியலாகத் திரையின் மேல்பக்கத்தில். உள் சிஸ்டத்தில் கோளாறு, ஏ.ஐ. காரணமில்லை என்றது கம்பெனி. ராத்திரி முழித்து டீக்கடைப் பலகைக்கு நிழல் போட்ட அந்த ஆட்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

இந்த இடத்தில் என் அக்கா மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்பதாவது படிக்கிறான். நான் அக்டோபர் கூத்தைப் பற்றிப் பொரிந்து தள்ளியதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமா, எனக்கு எதுக்கு சப்டைட்டில்? தமிழ்லயே வருதுல்ல" என்றான்.

பதில் சொல்ல முடியவில்லை. இந்தியாவில் மாதச் சந்தாவை 79 ரூபாய்க்கு இறக்கியது சோனி வந்த பிறகு, 2022-இல். தமிழ், தெலுங்கு டப்பிங் வந்தது அதற்கும் பிறகு. 'சோலோ லெவலிங்' தொடரை அவன் முழுக்கத் தமிழில்தான் பார்த்தான். 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' படம் தமிழிலும் தியேட்டருக்கு வந்தபோது அவனை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரவு இரண்டு மணிக்கு டவுன்லோடு போட்ட காலத்தில், தமிழ் பேசும் அனிமேவைத் தியேட்டரில் பார்ப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அதை ரசிகர்களின் அன்பு மட்டும் கொண்டுவந்திருக்காது. கலைஞர்களுக்குச் சம்பளம், ஸ்டுடியோ வாடகை, விநியோகம் எல்லாம் வேண்டும். பெரிய பணம் இருந்ததால்தான் அது நடந்தது.

"கிரஞ்சிரோல் யாரோடது தெரியுமா?" என்று திரும்பி வருகிற பஸ்ஸில் கேட்டேன்.

"சோனி. டிவி விக்கிறவங்கதானே மாமா?"

அவனுக்கு அவ்வளவு போதும். எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. யார் வாங்கினார், எத்தனை கோடி என்ற செய்தியை இப்போது முழுதாகப் படிப்பதில்லை. சீசன் ஆரம்பித்ததும் ஏதாவது பள்ளிக்கூடக் கதையில் முதல் எபிசோடைத் திறக்கிறேன். பள்ளிக்கூடம் என்றால் எப்படியும் கரும்பலகை வரும், அதில் தேதியோ அன்றைக்கு வகுப்பு வேலை முறை வந்த மாணவர் பெயரோ இருக்கும், சுவரில் நோட்டீஸ் இருக்கும். அங்கே நிறுத்திவைத்து, எழுத்து இருக்கிறதா, சாய்வு சரியா, சுண்ணக்கட்டி வெள்ளை பொருந்துகிறதா என்று பார்க்கிறேன். அப்புறம்தான் சந்தாவைப் புதுப்பிப்பது. அக்டோபரில் நிறுத்திவைத்திருந்தேன். அக்கா மகன் விடவில்லை, என் கார்டிலேயே புதுப்பித்துக்கொண்டான்.