உமிச்சாம்பலும் யன்னல் கண்ணாடியும்

கண்ணாடி வேலை என்றதும் குழாயால் ஊதிச் செய்யும் குவளையைத்தான் பலர் நினைக்கிறார்கள். நான் ஊதுவதில்லை; தகடுகளைச் சிறிய மின்உலையில் உருக்கி ஒட்டுகிறேன். வன்னியில் வயல், குளக்கட்டு, அதற்கப்பால் காடு என்று எல்லாமே கிடைக்கோடுகள். இதைப் பார்த்தே வளர்ந்த எனக்குத் தட்டையான வேலைதான் கைக்கு வருகிறது.

நிறக் கண்ணாடி வாங்க வசதியில்லை. கடையில் வெட்டி மிஞ்சும் யன்னல் கண்ணாடித் துண்டுகளே போதும். நேரே பார்த்தால் நிறமில்லை, விளிம்பில் பார்த்தால் பச்சை. மூலப்பொருளோடு வரும் கொஞ்ச இரும்புதான் அந்தப் பச்சைக்குக் காரணம். எங்கள் செம்மண்ணைச் சிவக்க வைப்பதும் அதே இரும்புதான். ஆவணியில் இரணைமடுக் குளம் வற்றிக் கிடக்கும்போது ஓரத்துத் தண்ணீரில் இந்தப் பச்சையைக் கண்டிருக்கிறேன். அதனால் தகட்டை ஒடுங்கிய கீலங்களாக வெட்டி, விளிம்பு மேலே தெரிய நிறுத்தி அடுக்கி, ஏறத்தாழ 800 பாகை செல்சியஸில் ஒட்ட வைத்தேன். வெளிச்சத்தில் பிடித்தால் குளத்தின் ஆழமே தெரிகிறது! இந்த மாதிரித் தடித்த துண்டை ஆறவிடத்தான் பொறுமை வேண்டும். 550 பாகைக்குக் கிட்ட நெடுநேரம் பிடித்து வைத்து, பிறகு மெல்ல மெல்ல இறக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளிறுக்கம் நின்று பிறகொரு நாள் வெடிக்கும்.

அடுத்தது உமி. மாரிகால நெல்லான காலபோக அறுவடைக்குப் பிறகு அரிசி ஆலைகளில் குவிந்து கிடக்கும். அதை எரிக்காமல் கண்ணாடிக்குள் வைத்தால் புகைந்து குமிழ் கிளப்பும். வெளுக்கும்வரை எரித்துச் சாம்பலாக்கி, இரண்டு தகடுகளுக்கு நடுவே மெல்லியதாகத் தூவினேன். உமிச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, கண்ணாடிக்கும் அதுதான் அடிப்படை. அந்தச் சூட்டில் சாம்பல் கரைந்து போகாமல் வெண்சாம்பல் படலமாக நிற்கிறது. மாசிப் பனி வயலில் இறங்குவதை வேறெதனாலும் இவ்வளவு அச்சாகக் காட்ட முடியாது என்பேன்.

மாரியில் உலை மூட்டுவதில்லை. வாடைக்காற்றோடு மழை இறங்கினால் கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. சின்ன உலை, கரண்ட் நின்றால் விறுவிறென்று ஆறிவிடும். அந்த மாதங்களில் வெட்டுவதும் தீட்டுவதும்தான். உருக்குவது சோளகம் என்னும் தென்மேல்காற்று வந்த பிறகு.

இனிச் செப்புத் தகட்டைத் தொடங்கப் போகிறேன். கண்ணாடிக்குள் அகப்பட்ட மெல்லிய செப்புத் தகடு, காற்றுப்படும் ஓரத்தில் நீலப்பச்சையாகவும் நடுவில் கருஞ்சிவப்பாகவும் மாறும். குளம் நிரம்பி வான்பாயும்போது வரும் கலங்கலுக்கு அந்தச் சிவப்பு சரிவரும் என்று நம்புகிறேன்.