'கிறிஸ்தவர் என்று போடுவமா, அண்ணை?'

தம்பி சவூதியில் வீதி விபத்தில் போய்விட்டான். அங்கே தகனத்துக்கு இடமில்லை. உடல் புதுக்குடியிருப்புக்கு வந்து சேர்ந்த கதையை எழுத இன்னும் தெம்பில்லை. அதற்குப் பிறகு 'தியா' எனும் உயிரிழப்பீட்டுக்கு அலைந்ததை மட்டும் சொல்கிறேன்.

விபத்தில் இறந்த முஸ்லிம் ஆணுக்கு அங்கே 3 இலட்சம் ரியால். கிறிஸ்தவர், யூதர் என்றால் பாதி. எங்களைப் போல இந்து என்றால் ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்குதான். இதைக் கேட்ட தரகர் சிரித்துக்கொண்டே, "கிராம அலுவலர் கடிதத்தில் கிறிஸ்தவர் என்று போடுவமா, அண்ணை? பாதியாவது வரும்" என்றார். தம்பி மனைவி என்னைப் பார்த்தாள். எனக்கும் ஓர் இரவு நித்திரை வரவில்லை, உண்மை. விடிய அவன் அனுப்பியிருந்த இகாமா எனும் வதிவிட அனுமதி அட்டையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் மதமும் பதிவாகி இருந்தது. தயவுசெய்து அந்த விளையாட்டுக்குப் போகாதீர்கள்.

அசல் பத்திரங்கள் 2009 போரில் மாத்தளனோடு போயின. பிரதிகள் எடுப்பது சுலபம். மாட்டியது அப்பாவின் பெயரில். ஆங்கிலத்தில் ஒரு பத்திரத்தில் 'ராசா', மற்றதில் 'ராஜா'. ஒரு கந்தோரில் எழுதுவினைஞர் தலை நிமிராமலே, "இது ரெண்டு ஆள்" என்று பத்திரக் கட்டைத் தள்ளிவிட்டார். பரந்தன் வந்து பஸ் மாறி ஒரு நாள் முழுக்கப் போன பயணம் வீண். இரண்டும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடித்து, அதையும் மொழிபெயர்த்து, எங்களுக்காகச் செயற்பட அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவத்தோடு திரும்பப் போனேன். முதலே கடவுச்சீட்டை வைத்து ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள். பிறகு எங்கட வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் முத்திரை, கொழும்பில் சவூதித் தூதரக முத்திரை. அதெல்லாம் வரிசையில் நின்றதோடு சரி.

எங்களுக்கு வந்த அரபுக் கடிதத்தைக் காசு வாங்காமல் வாசித்துத் தந்தவர் வவுனியா சாளம்பைக்குளத்து மௌலவி ஒருவர். இஸ்லாமியச் சட்டத்தில் மத்ஹப் எனும் வழிகள் சில உண்டு, அதில் ஹனஃபி மத்ஹபில் எந்த மதத்தவர் என்றாலும் ஒரே தியாதான், சவூதி நீதிமன்றங்கள் ஹன்பலி வழியில் போகின்றன என்றார். "எங்கட ஷாஃபியிலயும் சமமில்ல, தம்பி" என்று மெதுவாகச் சேர்த்தார். அவர் மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை.

அவர் காட்டிய வேறொரு வரிதான் எங்களைக் காப்பாற்றியது. நிலுவைச் சம்பளமும் சேவைக்காலக் கொடுப்பனவும் தொழில் சட்டக் கணக்கு, அதில் மதம் பார்ப்பதில்லை. ஆனால் தனியாகக் கேட்க வேண்டும். தரகர் இதை வாயே திறக்கவில்லை.

அந்தக் காசு போன மாதம் வந்தது. தியா இன்னும் வரவில்லை. "வந்தா வரட்டும் அத்தான்" என்கிறாள் தம்பி மனைவி. முத்திரை குத்திய பத்திரக் கட்டை மட்டும் பொலித்தீனில் சுற்றி அரிசி வாளிக்குள் வைத்திருக்கிறாள்.