மாமாவின் கன்ரருக்கு விலை வைத்த கதை

விசுவமடுவில் இருக்கும் என் மாமா தமது மிற்சுபிசி கன்ரர் லொறியை விற்கப்போவதாக அறிவித்தபோது, என்ன விலை என்று யாரும் கேட்பதற்கு முன்னரே "அறுபத்தைந்து" என்றார். இலட்சம் என்ற சொல்லை அவர் சேர்க்கவில்லை. சேர்த்தால் பேரம் பேச இடம் கொடுத்ததாகிவிடும் என்று நினைத்திருப்பார் போலும்.

இந்த அறுபத்தைந்து எங்கிருந்து வந்தது என்று விசாரித்தேன். 2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய வாகனங்களின் விலை ஏறியது எல்லோருக்கும் தெரிந்ததே. அந்த ஏற்றத்தின் நடுவில், 2022இல், வவுனியா நெல் ஆலை ஒன்றின் முதலாளி தேநீர்க் கடையில் வைத்து "அறுபத்தைந்துக்குத் தாறீங்களோ அண்ணை?" என்று கேட்டாராம். டீசல் லீற்றர் 460 ரூபாவுக்குப் போய், அந்த விலைக்கும் வரிசையில் நின்றால்தான் கிடைக்கும் என்றிருந்த காலம் அது. கேட்டவரிடம் அன்று காசு இல்லை. மாமாவின் லொறியில் டீசல் இல்லை. ஆயினும் அந்த ஒற்றைக் கேள்வியை மாமா ஒரு மதிப்பீட்டு அறிக்கையாகவே மனதில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். 2025இல் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டுவிட்டதே என்று நினைவூட்டினேன். புதிய வாகனத்துக்கு இருக்கிற வரியைக் கேட்டால் தனது லொறியை ஒருவரும் கிழவன் என்று சொல்லமாட்டார்கள் என்றார். அதில் ஓரளவு நியாயம் இருந்ததால் நான் மேலே பேசவில்லை.

கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவன் என்பதால் நியாயமான விலையைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மாமி நாற்பது என்றார். லொறி நிற்கும் மாமரத்து நிழல் மீண்டும் தமக்குக் கிடைப்பதன் பெறுமதியை அவர் அந்த விலையில் கழித்திருந்தார். மச்சான் கைத்தொலைபேசியில் விளம்பரங்களைத் தேடி, இதே பதினாலரை அடி லொறிகள் நாற்பத்தெட்டு முதல் அறுபது வரை போகின்றன என்றான். அவை போகும் விலைகள் அல்ல, கேட்கும் விலைகள் என்பதை அவனுக்கு விளங்கவைக்கவே ஒரு பொழுது போயிற்று. அறுபது கேட்டு மாதக்கணக்கில் விற்காமல் நிற்கும் லொறி, அறுபதுக்கு அதை வாங்க ஆள் இல்லை என்பதைத்தானே காட்டுகிறது?

ஆகவே, அந்தப் பகுதியில் உண்மையில் கைமாறிய லொறிகளின் விலையை அறிந்தவரான பரந்தன் கராச்சுக்காரரை வரவழைத்தோம். வருவதற்கு முன் எஞ்சினைத் தொடவே கூடாது என்று அவர் கட்டளையிட்டிருந்தார். சூடேறிய எஞ்சின் எதையும் ஒளித்துவிடுமாம். மாமாவோ விருந்தாளிக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று விடியவே அதை உறுமவிட்டு வைத்திருந்தார். கராச்சுக்காரர் ரேடியேற்றரில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, தேநீர் குடித்து, பத்திரிகையை விளம்பரங்கள் வரை வாசித்து, எஞ்சின் ஆறும்வரை அசையாமல் இருந்தார். பிறகு அதை இயக்கி, ஒயில் மூடியைக் கழற்றி, அந்த வாயால் புகை தள்ளுகிறதா என்று குனிந்து பார்த்தார். புகைக்குழாயில் நீலப் புகை வந்தால் எஞ்சின் ஒயிலைக் குடிக்கிறது, கறுப்புப் புகை என்றால் டீசல் சரியாக எரியவில்லை என்று விளக்கினார். மாமாவின் லொறி தொடக்கத்தில் ஒரு சிறு மூச்சு விட்டதோடு சரி. 4டி32 எஞ்சின், இலத்திரனியல் எதுவும் இல்லை, வன்னியில் எந்த மரத்தடியிலும் திருத்தலாம் என்று அவர் சொன்னபோது மாமா என்னைப் பார்த்த பார்வையில் அறுபத்தைந்து மீண்டும் தெரிந்தது.

அடுத்ததாக அடிச்சட்டத்தைச் சுத்தியலால் தட்டினார். எங்கும் ஒட்டுவேலை இல்லை. முல்லைத்தீவுக் கரையில் மீன் ஏற்றும் லொறிகளில் ஐஸோடு கரைந்து வடியும் உப்புத் தண்ணீர் சட்டத்தைத் தின்றுவிடும். மாமா நெல் மூடைகளையும், தம்புள்ளைச் சந்தைக்குப் போகும் கச்சானையும் பப்பாசியையும் தவிர வேறு எதையும் ஏற்றியதில்லை. அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டதும், தட்டின் பலகையை முகர்ந்து பார்க்கும்படி எங்கள் எல்லோரையும் வரிசையாக ஏறச் சொன்னார்.

சங்கடம் ரயர்களில் வந்தது. கறுப்பு மை பூசிய ஆறும் நல்ல பற்களோடு மின்னின. ஆனால் ரயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு உற்பத்தியான வாரத்தையும் பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும். முன் ரயர்கள் இரண்டும் 2014ஆம் ஆண்டுக்குரியவை. தேயவில்லையே என்று மாமா வாதாடினார். றப்பர் ஓடாமல் நின்றாலும் முதுமையடையும் என்று கராச்சுக்காரர் சொன்னதை அவர் தமக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

வயது பற்றிய பிரச்சினையும் இருந்தது. யப்பானில் 1993இல் செய்யப்பட்டு, அங்கே ஓடி, 1998இல் இங்கே பதியப்பட்ட லொறி இது. இலக்கத்தகட்டில் எழுத்தே இல்லாத காலத்துப் பதிவு. கேட்பவர்களுக்கு மாமா பதிவு ஆண்டை மட்டுமே சொல்லுவார். பதிவுப் புத்தகத்தைத் திறந்தால் இரண்டும் தெரியத்தான் போகிறது, மறைத்ததாகத் தெரிந்தால் வாங்குபவர் அடிச்சட்ட இலக்கத்தையே சந்தேகிப்பார் என்று சொல்லி விளம்பரத்தில் இரண்டு ஆண்டுகளையும் எழுதவைத்தேன்.

பராமரிப்புக்குச் சான்றாக மாமா ஒரு கொப்பியைக் கொண்டுவந்தார். கிலோமீற்றர் முள் எப்போதோ இறந்துவிட்டதால் ஒயில் மாற்றிய கணக்கைத் தம்புள்ளைப் பயணங்களின்படி எழுதியிருந்தார்; பற்றுச்சீட்டுகளும் ஒட்டப்பட்டிருந்தன. எதிர்ப் பக்கத்தில் முறிகண்டிப் பிள்ளையாருக்கு உடைத்த தேங்காய்களின் கணக்கு இருந்தது. இரண்டையும் கூட்டிப் பார்க்கும்படி அவர் கேட்டதை நான் பணிவாக மறுத்துவிட்டேன்.

இப்படிப் பேணிய வாகனத்துக்குச் சந்தை விலையின்மேல் பத்து இலட்சம் கூடக் கேட்கலாம் என்பது மாமாவின் நம்பிக்கை. என் கணக்கில் பராமரிப்பு அவ்வளவு விலையைக் கூட்டுவதில்லை. குறைத்துக் கேட்க வருபவரின் வாயை அடைக்கிறது, அவ்வளவுதான். அயலில் கைமாறிய இதே வகை லொறிகள் ஐம்பதை ஒட்டியே போயிருந்தன. கொப்பிக்கும் சட்டத்துக்குமாக மூன்றைக் கூட்டி, முன் ரயர்களுக்கும், முன் சில்லு திரும்பும் அச்சாணியான கிங்பின் ஆடுவதற்குமாக ஒன்றரையைக் கழித்து, பேரத்துக்கு ஒன்றை ஏற்றினேன். ஐம்பத்திரண்டரை கேட்பது, ஐம்பதுக்குக் கீழே இறங்காதிருப்பது என்று முடிவாயிற்று. காலபோக அறுவடை தொடங்கினால் லொறி தேடுவோர் கூடுவர் என்பதால் தை மாதத்திலேயே விளம்பரம் போட்டோம். மாமி சைபரில் முடியக்கூடாது என்று ஆயிரத்தொரு ரூபாவைச் சேர்க்கவைத்தார். முதலில் அழைத்தவரிடம் மாமா ஐம்பத்தைந்து என்று சொல்லிவிட்டதால் அதன்பின் தொலைபேசி மச்சானிடம் ஒப்படைக்கப்பட்டது.

நெடுங்கேணியிலிருந்து வந்த வியாபாரி கொப்பியைப் பக்கம் பக்கமாக வாசித்தார், தட்டை முகர்ந்தார், ரயரின் நான்கு இலக்கங்களைக் கண்டுபிடித்தார். அவை ஏற்கெனவே கழிக்கப்பட்டுவிட்டன என்று கணக்கைக் காட்டியதும் சிரித்துக்கொண்டே ஐம்பத்தொன்றுக்கு வந்தார். திறந்த கடதாசியில், அதாவது பெயர் மாற்றாமல், தரமாட்டேன், பெயர் மாற்றப் படிவத்தில் உடனே கையொப்பம் வேண்டும் என்று மாமா உறுதியாக நின்றார். அதற்கும் அவர் சம்மதித்தார். கையொப்பமும் முடிந்த பின்னர்தான் தறப்பாள் விலையில் அடங்குமா என்ற கேள்வி எழுந்தது. ஐம்பத்தொரு இலட்சத்தை அரை மணி நேரத்தில் பேசி முடித்த இருவரும் தறப்பாளுக்கு மதியச் சாப்பாடு தாண்டியும் வாதாடினார்கள். இறுதியில் மாமா அதற்குத் தனியாக எட்டாயிரம் ரூபா வாங்கி, அதில் ஆயிரத்தொரு ரூபாவை மாமியிடம் கொடுத்தார்.