இறங்கிப் பார்த்துவிட்டு எடு

லாரி ஓட்டப் போகிறேன் என்று சொன்னால் கேட்கிறவர்கள் இரண்டு விதமாகத்தான் பேசுவார்கள். "உனக்கேன் இந்த வேலை, தூக்கமே இருக்காது, உடம்பு போயிடும்" என்று பயமுறுத்துவது ஒரு கூட்டம். "பாசிட்டிவா இரு, எல்லாம் தானா வந்துடும்" என்று தட்டிக் கொடுப்பது இன்னொரு கூட்டம். பயமுறுத்தியவர்கள் சொன்னதில் பாதி உண்மை. தட்டிக் கொடுத்தவர்கள் சொன்னதும் பொய்யில்லை. ஆனால் பாசிட்டிவாக இருப்பது என்றால் வண்டிக்குள் உட்கார்ந்து என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. 40 டன் எடையோடு ஓடும் வண்டி நம் மனநிலையைப் பார்த்தா நிற்கப்போகிறது? இந்தத் தொழிலில் நுழைந்த புதிதில் எனக்குப் பிடிபட்டவற்றை எழுதிவைக்கிறேன். அடுத்து வருகிறவர்களுக்கு உபயோகப்படட்டும்.

உரிமம் வாங்கும் கட்டத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மருத்துவப் பரிசோதனை, கண் பார்வை, விதிமுறைத் தேர்வு, ஓட்டிக் காட்டுவது. பெயரும் வரிசையும் நாட்டுக்கு நாடு மாறும், விஷயம் ஒன்றுதான். பயிற்சியில் நான் உட்கார்ந்து ரசித்துக் கேட்டது ஏர் பிரேக் பாடம். காற்று போய்விட்டால் பிரேக் இல்லாமல் வண்டி ஓடிவிடும் என்ற பயம் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இருக்கிறது. பார்க்கிங் பிரேக்கின் அமைப்போ நேர் எதிர். அதைப் பிடித்து வைத்திருப்பது கனமான ஸ்பிரிங்; அந்த ஸ்பிரிங்கை அமுக்கிப் பிரேக்கை விடுவிப்பதுதான் காற்றின் வேலை. காற்று இறங்க இறங்க ஸ்பிரிங் தானாகவே பிடித்துக்கொள்ளும். வழக்கமாக 100 பிஎஸ்ஐக்கு மேல் இருக்க வேண்டிய அழுத்தம் 60 வாக்கில் இறங்கும்போதே எச்சரிக்கை விளக்கு எரியும், பஸ்ஸர் கத்தும். யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் பாதி பயம் போனது.

மீதி பயம் போகக் கூடாது என்பதற்காகவோ என்னவோ, பயிற்சி கொடுத்த மாஸ்டர் எங்களை மைதானத்தில் நடக்க வைத்தார். ஓடும்போது பெடலை மிதித்துப் பிடிக்கிற பிரேக் காற்றின் அழுத்தத்தால்தான் பிடிக்கும். மிதித்த பிறகு காற்று குழாய் வழியாகப் போய் பிரேக் பிடிக்க ஏறக்குறைய அரை நொடி ஆகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்த அரை நொடிக்குள் வண்டி 11 மீட்டர் ஓடியிருக்கும். "11 மீட்டர்னு எழுதி வச்சுக்காதீங்க, நடந்து பாருங்க" என்றார். நடந்தோம். கோட்டின் அந்த முனையில் நின்று திரும்பிப் பார்த்தபோது, முன்னால் போகிற காருக்கும் நமக்கும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதை யாரும் தனியாகச் சொல்லத் தேவைப்படவில்லை.

அடுத்தது ரிவர்ஸ். நேராக ஓட்டுவதை ஓரளவு பொறுமை உள்ள எவரும் கற்றுக்கொள்ளலாம். ட்ரைலரைப் பின்னால் எடுப்பது வேறு. அதன் பின்பக்கம் இடது பக்கம் போக வேண்டும் என்றால் ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்ப வேண்டும். புத்திக்கு ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும், கைக்குப் புரியத்தான் நாளாகிறது. ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டால் கை போகிற பக்கமே ட்ரைலரின் வாலும் போகும். இந்த ஒரு தந்திரத்தில் பலர் தேறிவிடுகிறார்கள். அதோடு முடியவில்லை. ட்ரைலர் திரும்ப ஆரம்பித்ததும் ஸ்டியரிங்கை மறுபக்கம் ஒடித்து அதன் பின்னாலேயே போக வேண்டும். தாமதித்தால் முன்வண்டியும் ட்ரைலரும் கத்தி மடங்குவது போல மடங்கிக்கொள்ளும். நீள ட்ரைலரைவிடக் குட்டை ட்ரைலர்தான் இதில் படுத்தும்; சட்டென்று திரும்பிவிடும், திருத்த அவகாசமே தராது. கோணம் கெட்டுவிட்டால் முன்னால் எடுத்து நேராக்கிக்கொண்டு மறுபடி வர வேண்டியதுதான். அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

ஆனால் வேடிக்கை பார்க்க ஆள் இருக்குமே! யார்டில் ஒரு புதுப் பையன் ரிவர்ஸ் எடுக்கிறான் என்றால் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து வந்துவிடுவார்கள். ஒருவர் "வரட்டும் வரட்டும்" என்பார், இன்னொருவர் "ஒடி ஒடி" என்பார், மூன்றாமவர் காரணமே இல்லாமல் ட்ரைலரைத் தட்டுவார். மாஸ்டர் சன்னல் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார்: "தம்பி, அவங்களுக்காக எடுக்காத. ஹேண்ட் பிரேக்கைப் போட்டுட்டு இறங்கிப் போய் நீயே பாரு." இறங்கினேன். பின்னால் நடந்து போனால், கண்ணாடியில் தெரியாத ஒரு இரும்புத் தூண், தாழ்ந்து தொங்கும் கேபிள், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தகரம். ட்ரைலர் ஒரு பக்கம் மடங்கியதும் மறுபக்கக் கண்ணாடியில் அதன் வால் தெரியாமலே போய்விடும் என்பதையும் அன்றுதான் நின்று பார்த்தேன்.

பிறகு ஒரு சீனியரோடு துணைக்கு அனுப்பினார்கள். பல வருடமாக வண்டி ஓட்டுகிற மனிதர். வாரா வாரம் போகிற கிடங்கிலேயே இரண்டு முறை இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் பின்னால் எடுப்பார். "அண்ணே, உங்களுக்குத் தெரியாத இடமா?" என்று கேட்டேன். "நேத்து இருந்த மாதிரியே இன்னைக்கும் இருக்கணும்னு இல்லையே" என்றார். பத்துப் பேர் பார்க்க, பின்னால் நிற்கிற வண்டி ஹாரன் அடிக்க, அவசரமே இல்லாமல் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வர ஒரு மனம் வேண்டும். நம்பிக்கை உள்ள டிரைவர் என்று நான் இப்போது சொல்வது அவரைப் போன்றவர்களைத்தான். சிரித்த முகத்தோடு கண்ணாடியை மட்டும் நம்பி எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம்.

இறங்குவதைப் பற்றி இன்னொன்று. கேபினிலிருந்து குதிக்காதீர்கள். வண்டியைப் பார்த்தபடி, இரண்டு கை ஒரு கால் அல்லது இரண்டு கால் ஒரு கை எப்போதும் பிடியில் இருக்கும்படி இறங்குங்கள். இளமையில் குதித்தவர்களின் முழங்காலைக் கேட்டால் கதை சொல்லும்.

காலையில் வண்டியைச் சுற்றி வந்து பார்ப்பதும் அந்தச் சீனியரிடம் கற்றதுதான். சக்கர நட்டிலிருந்து துருக் கோடு ஒன்று ஒழுகினது மாதிரி இறங்கியிருந்தால் நட்டு தளர்ந்திருக்கலாம் என்று அர்த்தம். இரட்டை டயருக்கு நடுவே கல் மாட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். டயரைக் கம்பியால் தட்டினால் சுத்தமாகக் காற்றுப் போனதுதான் தெரியும், குறைவாக இருப்பது தெரியாது; அதற்கு அழுத்தம் அளக்கும் கேஜ் வைத்தே ஆக வேண்டும். ட்ரைலரை மாட்டியதும், ட்ரைலர் பிரேக் பிடித்திருக்கும்போதே முன்னால் மெல்ல இழுத்துப் பார்ப்பார். அதோடு விடமாட்டார், அடியில் குனிந்து, ட்ரைலரின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கிங் பின் என்ற இரும்பு முளையை முன்வண்டியின் கொக்கித் தாடை முழுக்கக் கவ்வியிருக்கிறதா என்று கண்ணாலும் பார்த்துவிட்டுத்தான் நகருவார்.

தனியாக ஓட்ட ஆரம்பித்த பிறகு என்னைச் சோதித்தது ஓட்டுவது அல்ல, காத்திருப்பதுதான். லோடு ஏற்றும் இடத்தில் பேப்பர் வரவில்லை, ஃபோர்க்லிஃப்ட் வரவில்லை, சூப்பர்வைசர் வரவில்லை. எரிச்சலில் கழியும் அந்த நேரத்தை அப்புறம் சாலையில் பிடிக்கப் பார்த்தால் அதுதான் ஆபத்து. நான் கண்ணாடி துடைப்பேன், கொஞ்சம் நடப்பேன், அடுத்த வழியில் பாலங்களின் உயரத்தைப் பார்த்துவைப்பேன். காருக்கான வழிகாட்டிச் செயலிக்கு நம் வண்டியின் உயரம் தெரியாது. என் வண்டியின் உயரத்தை எழுதி டேஷ்போர்டில் ஒட்டியிருக்கிறேன். முடிந்தால் தூங்கிவிடுவேன்.

தூக்கத்தில் வீரம் வேண்டாம். விடிவதற்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம் உடம்பே தூக்கம் கேட்கும். சன்னலைத் திறப்பதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் சில நிமிடத்துக்குத்தான் தாங்கும். பாதுகாப்பாக ஓரங்கட்டி 20 நிமிடம் தூங்கி, எழுந்ததும் உடனே எடுக்காமல் முகம் கழுவிக் கொஞ்சம் நடந்துவிட்டு ஏறுவது என் பழக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை சட்டப்படி கட்டாயம். அமெரிக்காவில் சரக்கு லாரி ஓட்டுகிறவர் 10 மணி நேர ஓய்வுக்குப் பிறகு 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. உங்கள் ஊர் விதி எதுவோ, அதைத் தெரிந்துவைத்துக்கொண்டு முதலாளியிடம் பேசுங்கள்.

மலை இறக்கத்தில் கியரை இறக்கம் தொடங்குவதற்கு முன்பே குறைத்துவிட வேண்டும். பாதியில் குறைத்துக்கொள்ளலாம் என்றால் கியர் விழாமல் போகலாம். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறி, பிடிமானம் குறைந்துகொண்டே போகும். தீய்ந்த வாசனை வந்துவிட்டால் ஏற்கெனவே தாமதம். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். இடம் கிடைத்தால் ஒதுங்கி வழிவிடுங்கள், வேகத்தை மட்டும் கூட்டாதீர்கள்.

முதல் வேலை தேடும்போது சம்பளத்தோடு இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "வண்டியில் குறை இருக்குன்னு எழுதிக் கொடுத்தா என்ன செய்வீங்க?" நான் முதலில் பார்க்கப் போன இடத்தில், "லோடை இறக்கிட்டு வா, வந்து பார்த்துக்கலாம்" என்றார்கள். வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இப்போது இருக்கும் இடத்தில் சம்பளம் கொஞ்சம் குறைவு. ஆனால் இந்தக் கேள்விக்கு மேனேஜர் பதில் சொல்லவில்லை. நேராகப் பட்டறைக்குக் கூட்டிப்போய், அன்று நிறுத்திவைத்திருந்த வண்டியைக் காட்டினார்.