டிவியில் வைஃபை அறுந்துகொண்டே இருக்கிறதா?

குன்னூரில் எங்களுடையது தாத்தா காலத்துக் கல் வீடு, சுவர் ஒன்றரை அடி கனம். ஹாலில் இருக்கும் ஸ்மார்ட் டிவியில் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வைஃபை அறுந்துவிடும். அம்மாவுக்கு மூட்டு வலி, இந்த மழையிலும் குளிரிலும் வெளியே போக முடியாது, பகல் முழுக்க அவருக்குத் துணை அந்த டிவிதான், அதனால் மனசு கேட்காமல் போன ஞாயிறு முழுக்க அதோடு உட்கார்ந்தேன்.

முதலில் டிவி, ரூட்டர் இரண்டையும் ப்ளக்கிலிருந்தே பிடுங்கி ஐந்து நிமிஷம் கழித்துப் போட்டேன். (ரிமோட்டில் அணைத்தால் பல டிவிகள் முழுசாக அணைவதில்லை.) பழைய இணைப்பை அழித்துவிட்டு பாஸ்வேர்டைப் புதிதாகவும் கொடுத்தேன். ஒரு மணி நேரம் தாங்கியது, மறுபடி போச்சு.

ரூட்டர் வைஃபையை 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் அனுப்புகிறது. காரணம் அந்த 5 கிகாஹெர்ட்ஸ். வேகம் அதிகம்தான், ஆனால் கனமான சுவரைத் தாண்டுவதில் 2.4 அளவுக்கு வராது. ரூட்டரில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்ததால் டிவி இதற்கும் அதற்கும் தாவிக்கொண்டே இருந்திருக்கிறது. தனித்தனிப் பெயர் வைத்து, டிவியை 2.4-இல் மட்டும் சேர்த்தேன். ரூட்டரில் வைஃபை சேனலை (2.4-க்குள் இருக்கும் தனித்தனிப் பாதைகளில் ஒன்று) ஆட்டோவில் விடாமல் 11-க்கு மாற்றினேன்; 1, 6, 11 மூன்றும் ஒன்றோடொன்று மோதாது. அப்புறம் இரும்பு பீரோ மேல் இருந்த ரூட்டரை எடுத்து ஹால் வாசலுக்கு நேராக வைத்தேன்.

நாலு நாளாக ஒரு தடவைகூட அறுந்துபோகவில்லை. அம்மா முகத்தைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது.

இருந்தாலும் ரூட்டரிலிருந்து டிவிக்கு நேரடியாக லேன் கேபிள் இழுத்துவிட்டால் இன்னும் நல்லது. குன்னூரில் பெட்ஃபோர்டு பக்கம் கல் சுவரில் துளை போடத் தெரிந்த ஆள் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.