இரவல் போன சைக்கிள்

ஜூன் 14, 2025, சனி

சாயங்காலம் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றக்கூட இல்லை, ஹாலில் கொழுந்தனார் உட்கார்ந்திருந்தார். "அண்ணி, நாளைக்கு எங்க ஆபீஸ் பசங்க எல்லாரும் ஏற்காட்டுக்கு சைக்கிள்ல போறாங்க. உங்க வண்டியைக் குடுங்க, மத்தியானத்துக்குள்ள கொண்டாந்து விட்டுடறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து அத்தை சொல்லிவிட்டார். "அதுக்கென்ன, எடுத்துக்கிட்டுப் போ. சும்மா செவுத்துல மாட்டித்தானே கிடக்குது."

சும்மா கிடக்கவில்லை. வாரத்தில் மூன்று நாள் விடியற்காலை நாலே முக்காலுக்கு அதை இறக்கி, கோரிமேடு தாண்டி அடிவாரம் வரை போய்வருகிறேன். மாதம் பத்தாயிரம் வீதம் இருபது மாதச் சீட்டு கட்டி, மேலே பத்தாயிரம் போட்டு, 2,10,000 ரூபாய்க்கு வாங்கிய வண்டி. கார்பன் பிரேம், ஷிமானோ 105 கியர், டிஸ்க் பிரேக். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் எனக்கே எனக்கென்று வாங்கிய பெரிய பொருள் இது ஒன்றுதான்.

பணத்தைச் சொல்லி மறுக்க வாய் வரவில்லை. இன்னொரு காரணமும் இருந்தது, அதையாவது சொல்லியிருக்கலாம். என் உயரம் 5 அடி 2 அங்குலம், அதற்கேற்ற சின்ன அளவு பிரேம். அவர் 5 அடி 9. சட்டை மாதிரிதான் இந்த வண்டிகளும். சீட்டைத் தூக்கினால் காலுக்குச் சரியாகும், கைக்கு எட்டும் தூரம் அப்படியேதான் இருக்கும், முதுகு வளைந்து முட்டி வலிக்கும். எதையும் சொல்லாமல், "பார்த்து ஓட்டுங்க தம்பி" என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 15, ஞாயிறு

மத்தியானம் ஒன்றரைக்கு வண்டி வந்தது. கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். "சூப்பர் வண்டி அண்ணி, இருபது வளைவும் இறங்காம ஏறிட்டேன்." சந்தோஷமாகத்தான் இருந்தது. இருபது கொண்டை ஊசி வளைவையும் நிற்காமல் ஏற எனக்கு ஐந்து மாதம் ஆனது.

அவர் போனபிறகு சீட்டை இறக்கப் போனால், சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட்டில் இருக்கும் மினிமம் கோடு ஒரு விரல் அளவுக்கு வெளியே தெரிந்தது. அந்தக் கோடு பிரேமுக்குள் மறைந்தே இருக்க வேண்டும். வெளியே வந்தால் ஆளின் எடை முழுவதும் குழாயின் வாய்ப்பகுதியில் விழும், கார்பன் அங்கே விரிசல் விடும். டார்ச் அடித்து, துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். விரிசல் இல்லை. யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

வாரம் முழுக்கச் சமதளத்தில் ஓட்டும்போது பின்னால் டிக் டிக்கென்று ஒரு சத்தம். செயினில் மண் என்று நினைத்து எண்ணெய் போட்டேன்.

இன்று மலைக்குப் போனேன். எட்டாவது வளைவு வரை நடுக் கியர்களிலேயே சமாளித்தேன். ஒன்பதாவது வளைவின் உள்பக்கம் செங்குத்து, எதிரே பஸ் இறங்கி வந்தது, ஓரம் கட்டிக் கடைசிக் கியருக்கு, அந்த 34 பல் சக்கரத்துக்குத் தட்டினேன். கட்கட்டென்று ஆரம்பித்து ஒரே நொறுங்கல் சத்தம். பின் சக்கரம் அப்படியே நின்றது. பெடல் காலோடு பூட்டியிருந்ததால் காலை எடுப்பதற்குள் தடுப்புச் சுவர் மேல் சாய்ந்தேன். நல்லவேளை, சுவர் இருந்த பக்கம்.

குனிந்து பார்த்தால் செயினைத் தள்ளிக் கியர் மாற்றும் பின் டீரெய்லர் ஸ்போக்குகளுக்குள் போய்ச் சுருண்டு, கோழியின் முறிந்த கால் மாதிரி மேல்நோக்கித் திரும்பியிருந்தது. மூன்று ஸ்போக் போய்விட்டது. செயின் பிரேமின் வால்பகுதியில் உரசிக் கறுப்பாய் ஒரு கோடு. குரங்குகள் சுவரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. காப்பித் தோட்டத்திலிருந்து இறங்கி வந்த ஒரு சின்ன லாரிக்காரர் நிறுத்தி, மிளகு மூட்டைகளுக்கு நடுவில் வண்டியைப் படுக்கவைத்து அஸ்தம்பட்டி வரை கொண்டுவந்து விட்டார். காசு வாங்கவில்லை.

இறங்குகிற போது ஆகாமல் ஏறுகிற போது ஆனதே என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

மெக்கானிக் பார்த்த உடனே கேட்டார், "வண்டி வலது பக்கமா விழுந்துச்சாக்கா?"

இல்லை என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் வலது பிரேக் லிவரைக் காட்டினார். லிவரின் நுனியில் தார் ரோட்டில் தேய்ந்த வெள்ளைத் தழும்பு. பெடலின் ஓரத்திலும் அதே மாதிரி. துடைத்ததில் அழுக்கு போயிருந்தது, தழும்பு போகவில்லை.

டீரெய்லரைப் பிரேமோடு பிடித்திருக்கும் சின்ன அலுமினியத் துண்டுக்கு ஹேங்கர் என்று பெயர். வேண்டுமென்றே மெத்தென்று செய்திருப்பார்கள். வண்டி விழுந்தால் முதலில் அது வளையட்டும், பிரேம் தப்பட்டும் என்று. வண்டி வலது பக்கம் விழும்போது அது லேசாக உள்பக்கம் வளைந்திருக்கிறது. நடுக் கியர்களில் வெறும் டிக் டிக். கடைசிக் கியருக்குப் போனால் டீரெய்லர் ஸ்போக்கைத் தொட்டுவிடும். விழுந்த அன்றே தெரிந்திருந்தால் நிமிர்த்தியோ மாற்றியோ முடித்திருக்கலாம். இப்போது ஹேங்கர் 1,100, டீரெய்லர் 5,200, ஸ்போக்கும் கூலியும் 900. இந்த பிரேமுக்கான ஹேங்கர் சேலத்தில் கிடைக்காது, வரவழைக்க வேண்டும்.

அப்பாவின் ஹெர்குலிஸ் ஞாபகம் வந்தது. சேலம் குகைப் பகுதியில் எங்கள் தெருவில் அதை எடுக்காதவர்கள் இல்லை. ரேஷன் அரிசி மூட்டை, பிரசவத்துக்குப் பிளாஸ்க், பையன்களின் குரங்கு பெடல், எல்லாமும் அதில்தான். விழாத நாளே கிடையாது. விழுந்தால் முன்சக்கரத்தைக் கால் நடுவில் இடுக்கிக்கொண்டு ஹேண்டில் பாரைத் திருப்பினால் சரியாகிவிடும், எந்த முக்குக் கடையிலும் மீதியைப் பார்த்துக்கொள்வார்கள். அப்பா ஒருநாளும் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. அவர் மகள் இப்படி யோசிக்கிறாளே என்று நாலு நாளாய் உறுத்தல் இருந்தது. அந்த வண்டியில் என்ன கெட்டாலும் எல்லாருக்கும் கண்ணுக்குத் தெரியும். இதில் தெரியாது.

ஜூன் 28, சனி

வீட்டுக்காரர் தம்பியிடம் கேட்டுவிட்டார். ஏரிக்கரையில் டீக்கடைச் சுவரில் சாய்த்து வைத்தாராம், சறுக்கி விழுந்ததாம். "ஓட்டும்போது விழல அண்ணி. ஒண்ணும் ஆகல, அதான் சொல்லல. சொன்னா வருத்தப்படுவீங்கன்னு..."

அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. கெட்டவர் இல்லை. என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று ராத்திரி கண் விழித்தவர். ஆனாலும் கேட்டேன். "தம்பி, ஒன்பதாவது வளைவுல பஸ் வர்றப்ப சக்கரம் பூட்டிக்கிச்சு. நான் இந்தப் பக்கம் சாஞ்சேன். அந்தப் பக்கம் சாஞ்சிருந்தா?"

7,200 ரூபாயையும் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அத்தை நாலு நாளாக என்னிடம் சரியாகப் பேசவில்லை. "சொந்தத்துக்குள்ள இப்படியா கண்ணு கணக்குப் பார்ப்பாங்க?" என்று ஒருமுறை கேட்டார். பதில் சொல்லவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

எதிர்வீட்டு டீச்சரின் மகள் வந்தாள். தயங்கித் தயங்கி, "அக்கா, ஒண்ணு கேக்கணும். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க."

27-ஆம் தேதி கோயம்புத்தூரில் 200 கிலோமீட்டர் பிரவே, அதாவது நேரக் கெடு வைத்த நெடுந்தூர சைக்கிள் பயணம், ஓட்டப் போகிறாளாம். பதிமூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் காலேஜ் வரை போனவள், இப்போது பழைய எம்டிபி, மலைப்பாதை சைக்கிள் ஒன்று வைத்திருக்கிறாள். "அதுல போன மாசம் நூறு ஓட்டினேன்கா. ஏழு மணி நேரம் ஆயிருச்சு."

ஏழும் ஏழும் பதினாலு. இரண்டாவது நூறில் இன்னும் மெதுவாகத்தான் ஆகும். அந்தக் கனத்த டயரில் அவளால் முடியாது, காலில் பலம் இல்லாமல் அல்ல. உயரம் என் உயரம்தான்.

இரண்டு நாள் டைம் கேட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுக் கடையில் பதினோரு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். தினமும் காலையில் பட்டறைக்காரர்கள் வருவார்கள். கட்டி வெள்ளியைத் தராசில் வைத்து, எடையை அவர் நோட்டிலும் எங்கள் நோட்டிலும் எழுதிக் கொடுப்போம். கொலுசாகத் திரும்பி வரும்போது மறுபடி எடை. உருக்கும்போதும் ராவும்போதும் போகும் வெள்ளி சேதாரம், அது இவ்வளவு வரை போகலாம் என்று முன்னாலேயே பேசியிருக்கும். முப்பது வருஷமாய் வருகிறவருக்கும் தராசு உண்டு. அவர் ஒருநாளும் மனசு சுணங்கியதில்லை. எடை போடாமல் கொடுத்தால்தான் அவருக்குப் பயம்.

இன்று ஒரு பெரியவர் எடை குறைவாகக் கொண்டுவந்தார். தராசில் வைக்கும் முன்பே சொன்னார், "அம்மிணி, இன்னிக்கு நாலு கிராம் ஜாஸ்தி போயிருக்குது, அலசுற தண்ணியில போயிருச்சு." முதலாளி சரி என்று எழுதிக்கொண்டார்.

பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கொழுந்தனாரிடம் என் கோபம் வண்டி விழுந்ததற்கு இல்லை. ஒரு வாரம் தெரியாமல் ஓட்டினேனே, அதற்கு. அதே சமயம், விழுந்தால் என்ன ஆகும், எதைப் பார்க்க வேண்டும் என்று நானும் அவருக்கு ஒரு வார்த்தை சொல்லித் தரவில்லை. மனசுக்குள் பயத்தை வைத்துக்கொண்டு வாயால் சரி என்றேன்.

ராத்திரி அவளுக்கு போன் பண்ணி, ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன்.

ஜூலை 13, ஞாயிறு

காலை ஐந்தரைக்கு வந்துவிட்டாள். கடை நோட்டு மாதிரியே ஒரு நோட்டு போட்டேன். வண்டியில் இருக்கும் கீறல்களை இரண்டு பேருமாகப் பார்த்து எழுதினோம்: வலது லிவர் நுனி, வலது பெடல், செயின் உரசிய கோடு. போட்டோவும் எடுத்துக்கொண்டாள்.

பூட்டுகிற பெடலில் புதிதாகப் பழகுவதற்கு இரண்டு வாரம் போதாது என்று சாதாரணப் பெடல் மாட்டினேன். இடது பெடலின் மரை தலைகீழாகச் சுற்றும், தெரியாமல் திருகினால் பெடல் மாட்டும் கிராங்க் தண்டின் மரை போய்விடும். அதையும் அவளையே செய்யவைத்தேன். சீட் போஸ்ட்டில் மினிமம் கோட்டைக் காட்டினேன். போல்ட்டை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 5 நியூட்டன் மீட்டருக்கு மேல் திருகக்கூடாது. எங்கே நிறுத்தினாலும் கியர் இல்லாத பக்கம், இடது பக்கம்தான் சுவரில் சாய வேண்டும், பின்சக்கரம் முட்டுக்கொடுத்து நிற்க வேண்டும். எடை 52 கிலோ என்றாள், முன்னால் 60, பின்னால் 65 பிஎஸ்ஐ காற்று வைத்தேன்.

அப்புறம் மலையில் மூன்று வளைவு வரை ஏறி இறங்கினோம். ஹைட்ராலிக் டிஸ்க் ஒரு விரலுக்கே பிடிக்கும். என் வண்டியில் வலது கை முன் பிரேக். இறக்கத்தில் பயந்து முழுக்கையால் அழுத்தினால் தலைக்குப்புற விழ வேண்டியதுதான். பிடித்துக்கொண்டே இறங்காதே, வளைவுக்கு முன்னால் பிடி, வளைவில் விடு என்று ஐந்து தடவை சொன்னேன். மூன்றாம் முறை இறங்கும்போது தோள் தளர்ந்து அழகாக இறங்கினாள்.

வீட்டுக்கு வந்து பேசி முடித்தோம். டயர், செயின், பிரேக் பேட் தேய்வது என் சேதாரம். விழுந்து உடைந்தால் பாதிப் பாதி. பிரேமே போனால் என்ன செய்வது என்று அவளே கேட்டாள். போனால் போனதுதான், உன்னிடம் கேட்கமாட்டேன் என்றேன். இதைச் சொல்ல முடிகிறதா என்று நேற்று ராத்திரி முழுக்க யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் அவளைக் கூப்பிட்டேன். அத்தனையும் போனாலும் அவள் முகத்தைப் பார்த்துப் பேச முடியும் என்று தோன்றியது. கொழுந்தனார் விஷயத்தில் இதை நான் யோசிக்கவே இல்லை.

"ஒண்ணே ஒண்ணு. நின்ன இடத்துல சாஞ்சாக்கூட எனக்குச் சொல்லணும்."

"சொல்றேன்கா."

ஜூலை 26, சனி

அவள் மாமாவின் காரில் வண்டி போனது. சக்கரங்களைக் கழற்றினால் பிரேக் பேடுகளுக்கு நடுவில் எதையாவது வைக்க வேண்டும். வெறுமனே லிவரை அழுத்திவிட்டால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும், சக்கரம் உள்ளே போகாது. கொலுசுப் பெட்டி அட்டையை நாலாக மடித்துச் செருகினேன். கார் முனை திரும்பும் வரை வாசலில் நின்றேன்.

ஜூலை 27, ஞாயிறு

காலை 11.10-க்கு போன். "அக்கா, விழுந்துட்டேன். மணல்ல முன்சக்கரம் வழுக்கிருச்சு. இடது பக்கம்தான். ஹேண்டில் டேப் கிழிஞ்சிருச்சு, லிவர் கொஞ்சம் உள்ள திரும்பியிருக்குது."

"உனக்கு என்ன ஆச்சு, அதைச் சொல்லு."

"முழங்கை சிராய்ப்பு. கழுவிட்டேன்கா."

சக்கரத்தைத் தூக்கிச் சுற்றச் சொன்னேன், உரசவில்லை. இரண்டு பிரேக்கையும் அழுத்தச் சொன்னேன். நடுக் கியரிலிருந்து ஒவ்வொன்றாக மாற்றி, கடைசி ஒன்றுக்குக் கையால் பெடலைச் சுற்றிப் போகச் சொன்னேன். போனில் செயினின் சத்தம் கேட்டது. சீராக இருந்தது. "போ கண்ணு" என்றேன்.

சாயங்காலம் 6.50-க்கு மறுபடி போன். பன்னிரண்டு மணி ஐம்பது நிமிஷம். அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை, நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஜூலை 29, செவ்வாய்

ராத்திரி வண்டி வந்தது. கழுவாமல், டயரில் செம்மண்ணோடு. "நீங்க பாக்கட்டும்னு அப்படியே கொண்டாந்தேன்கா." அவள் முன்னாலேயே துடைத்து, ஒரு ரூபாய் நாணயத்தால் பிரேமை இஞ்ச் இஞ்ச்சாகத் தட்டிக் கேட்டோம். உள்ளே கார்பன் அடுக்கு விட்டுப்போன இடம் இருந்தால் அங்கே சத்தம் மங்கும். எங்கும் மங்கவில்லை. டேப் 640 ரூபாய், அவள் பங்கு 320 வாங்கிக்கொண்டேன்.

அத்தை திண்ணையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கிளம்பும்போது முழங்கைக்கு மஞ்சள் அரைத்துக் கொடுத்தார்.

நோட்டில் எழுதினேன்: இடது லிவர், வெளிப்பக்கம், அரை அங்குலக் கீறல். 27.7.2025.