சித்தப்பா பார்த்த வேலை

வாசலிலிருந்து கிணற்றடிக்குப் போவதற்குள் சித்தப்பா இரண்டு தரம் நிற்கிறார். விரல் நுனிகள் உருண்டு, நகங்கள் கவிழ்த்த கரண்டி மாதிரி வளைந்திருக்கின்றன.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் 30 வருஷம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டவர். செட்டியார் வீடுகளில் பின்கட்டு ஓடு சரிந்தால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். அரிசி மில், ஆத்தங்குடியில் பூக்கல் பட்டறை என்று எங்கும் ஏறியிருக்கிறார். பள்ளிக்கூட லீவில் ஏணி பிடிக்க நானும் போவேன். முதலில் ரம்பத்தால் அறுத்தார். அப்புறம் கட்டிங் மிஷின் வந்தது. வேலை சீக்கிரம் முடிந்தது, புழுதி பல மடங்கானது. சாயங்காலம் அவர் புருவம் வெள்ளையாக இருக்கும். அந்தக் கைலியைச் சித்தி உதறிவிட்டுத்தான் துவைப்பார். இப்போது சித்தியையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இருமல் வந்ததும் டிபி என்றார்கள். சளியில் கிருமி இல்லை, ஆனாலும் ஆறு மாதம் மாத்திரை. அப்புறம் ஆஸ்துமா என்று பம்ப். மதுரையில் ஒரு டாக்டர்தான் முதுகில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, "ஐயா, நீங்க என்ன வேலை பாத்தீங்க?" என்றார். நாலு வருஷத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர். ஸ்கேனில் நுரையீரலின் அடிப்பக்கம் இரண்டும் தழும்பேறிக் கிடந்தது. ஆஸ்பெஸ்டோசிஸ்.

ஷீட்டில் பெரும்பங்கு சிமெண்ட்தான். அதோடு கலந்த கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், கண்ணுக்குத் தெரியாத இழையாக உள்ளே போய்த் தங்கிவிடுகிறது. உடம்பால் அதைக் கரைக்க முடியாது. சுற்றிலும் தழும்பு கட்டுகிறது. நோய் தலைகாட்ட 20, 30 வருஷம் ஆகும். தழும்பை ஆற்ற மருந்து கிடையாது. பீடி பிடிப்பவருக்குப் புற்றுநோய் அபாயம் இன்னும் கூடுதல். நல்லவேளை, சித்தப்பாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டைக் குறைந்தது 40 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சித்தப்பா தினக்கூலி. எந்த ஏட்டிலும் அவர் பெயர் இல்லை. எனக்கு ஆறாத விஷயம் இதுதான்.

போன வாரம் எதிர்வீட்டுக் கூரையில் ஒரு பையன் மிஷினால் ஷீட் அறுத்துக்கொண்டிருந்தான். வாயில் துண்டு கட்டியிருந்தான். அந்த இழைக்குத் துண்டெல்லாம் தடையே இல்லை. சித்தப்பா கூப்பிட்டுப் பார்த்தார், குரல் தெருவைத் தாண்டவில்லை. "தண்ணி ஊத்தி ரம்பத்துல அறுக்கச் சொல்லுடா" என்றார். ஒரு வாளித் தண்ணீரோடு போனேன். "என்னண்ணே?" என்று மிஷினை நிறுத்தினான். வாசலில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவைக் காட்டினேன்.